நண்பகலில் வாய் மூடும் இலை

நான் தாவர நூல் கற்பிக்கத் தொடங்கிய புதிதில் ஒரு மாணவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அதற்கு நான் தவறான விடை சொன்னேன். அந்தக் கேள்வி எழுந்த விதத்தையும், அதன் சரியான விடையை நான் பின்னர் அறிந்துகொண்ட வகையையும் மாணவ நண்பர்களாகிய உங்களுக்கு இன்று சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் கல்லூரி கடற்கரையை அடுத்த ஒரு நகரில் இருந்தது. விடுதிக் கிணற்றடியில் ஒரு மாமரம் நின்றது. குளிப்பவர்களும் துணி துவைப்பவர்களும் விடும் தண்ணீர் ஒரு சிறு வாய்க்கால் வழியே அதன் அடிக்குப் போய்க்கொண்டே இருக்கும். கோடையிலும் அந்த மரத்தடியில் சேறு காய்ந்து நான் கண்டதில்லை. அந்த மரத்தில்தான் எங்கள் வகுப்பு நீராவிப்போக்குச் சோதனையைச் செய்தது.

சோதனை மிக எளியது. வடிதாளைக் கோபால்ட் குளோரைடு கரைசலில் நனைத்து உலர்த்தினால் அது நீல நிறம் பெறும். ஈரம் பட்டால் இளஞ்சிவப்பாக மாறிவிடும். அந்தத் தாளின் ஒரு சிறு துண்டை இலையின் அடிப்பக்கத்தில் வைத்து, வெளிக்காற்று படாமல் இரு கண்ணாடிச் சில்லுகளுக்கிடையே இறுக்கிவிட வேண்டும். தாள் எவ்வளவு விரைவில் சிவக்கிறதோ அவ்வளவு தாராளமாக இலை நீராவியை வெளிவிடுகிறது என்று பொருள். (கோபால்ட் உப்பு நச்சுத் தன்மை உடையது. கையுறையின்றி அதைத் தொடவும் கூடாது. ஆசிரியர் உடனில்லாமல் இச்சோதனையில் இறங்கவும் கூடாது. எங்கள் காலத்தில் இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.)

காலை ஒன்பது மணிக்குத் தாள் சில நிமிடங்களிலேயே சிவந்தது. பகல் ஒரு மணிக்கு, மேற்கிலிருந்து அனற்காற்று வீசிக்கொண்டிருந்தபோது, அதே கிளையின் இலையில் வைத்த தாள் நெடுநேரம் நீலமாகவே இருந்தது. அப்போதுதான் அந்த மாணவர் கேட்டார்: “ஐயா, கொடியில் போட்ட துணி ஒரு மணிக்குத்தானே மிக விரைவாகக் காய்கிறது? துணி காயும் நேரத்தில் இலை மட்டும் ஏன் ஈரத்தை விடமாட்டேன் என்கிறது?”

நான் படித்த பாடப்புத்தகத்தில் இதற்கு விடை இருந்தது. வெயிலில் இலை மிகுதியான நீரை இழக்கிறது, அதனால் துவண்டுபோகிறது, துவளவே துளைகள் மூடிக்கொள்கின்றன. இதைச் சொன்னேன். அவர் மரத்தடிச் சேற்றைப் பார்த்தார், இலையைத் தடவிப் பார்த்தார். “இலை துவளவே இல்லையே, ஐயா” என்றார். நான் ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன்.

அந்தக் கேள்வியின் கனத்தை உணர, இலையின் புறத்தோலைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். மாவிலையின் அடிப்புறத் தோலை நுண்நோக்கியில் வைத்தால், அதில் எண்ணற்ற சிறு வாய்கள் தெரியும். இவையே இலைத்துளைகள். மரங்களின் இலையில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு நூறு முதல் பல நூறு வரை இத்துளைகள் இருப்பது சாதாரணம். ஒவ்வொரு துளையையும் இரண்டு காப்புச் செல்கள் உதடுகள்போல் சூழ்ந்திருக்கின்றன. அந்தச் செல்களில் நீர் புகுந்து விறைத்தால் அவை வளைந்து விலகும், துளை திறக்கும். நீர் வெளியேறித் தளர்ந்தால் ஒன்றோடொன்று ஒட்டும், துளை மூடும். இதை ஜெர்மானியத் தாவர அறிஞர் ஹியூகோ ஃபான் மோல் 1856-ஆம் ஆண்டிலேயே விளக்கினார். நீர் ஏன் புகுகிறது, ஏன் வெளியேறுகிறது என்பதற்குப் பொட்டாசியம் அயனிகளே முக்கியக் காரணம் என்பது 1960-களில் தெளிவாயிற்று. பொட்டாசியம் செல்லுக்குள் வந்தால் நீரும் பின்தொடர்ந்து வரும். அது போனால் நீரும் போகும்.

எல்லாத் துளைகளும் நன்கு திறந்திருக்கும்போதுகூட அவற்றின் வாய்ப்பரப்பு முழுவதும் சேர்ந்து இலைப்பரப்பில் நூற்றில் ஓரிரு பங்குதான். இந்தச் சிறு வழியாகத்தான் மரம் தன் உணவுக்கு வேண்டிய கரியமில வாயு முழுவதையும் உள்ளே வாங்குகிறது. காற்றிலோ அந்த வாயு பத்தாயிரத்தில் சுமார் நான்கு பங்கு மாத்திரமே உண்டு. ஆகவே வாயை நன்றாகத் திறந்து வைக்க வேண்டியிருக்கிறது. திறந்த வாய் வழியே உள்ளிருக்கும் நீராவி வெளியே ஓடுகிறது. ஒரு கரியமில வாயு மூலக்கூறைப் பெறுவதற்குள் சில நூறு நீர் மூலக்கூறுகள் போய்விடுகின்றன. சோறு வரும் வாயிலும் நீர் போகும் வாயிலும் ஒன்றேயாக அமைந்துவிட்டது. இலையின் சங்கடம் எல்லாம் இதிலிருந்தே பிறக்கிறது.

நீர் எவ்வளவு வேகமாகப் போகும் என்பதை எது முடிவு செய்கிறது? காற்றின் வறட்சி என்று சட்டென்று சொல்லிவிடலாம். ஆனால் வறட்சி என்ற சொல்லை இங்கே கவனமாகக் கையாள வேண்டும். வானிலை அறிக்கையில் நூற்றுக்கு இத்தனை ஈரப்பதம் என்று சொல்கிறார்களே, அந்த எண் மட்டும் இலைக்குப் பொருட்டல்ல. காற்று தாங்கக்கூடிய நீராவிக்கும் அதில் உண்மையாக இருக்கும் நீராவிக்கும் உள்ள இடைவெளியே பொருட்டு. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆவியின் அழுத்தத்தைப் பாதரச மில்லிமீட்டரில் சொல்வது பழைய வழக்கம். எனக்கு அதுவே கைவந்தது. அதையே இங்கும் கையாளுகிறேன்.

காலையில் வெப்பநிலை 30 பாகை செல்சியஸ் என்று கொள்வோம். அந்த வெப்பத்தில் பூரிதக் காற்றின் ஆவியழுத்தம் 31.8 மில்லிமீட்டர். இலையின் உட்குழிகளில் உள்ள காற்று ஏறக்குறைய எப்போதும் பூரித நிலையில்தான் இருக்கிறது. வெளியே ஈரப்பதம் நூற்றுக்கு எழுபது என்றால் அங்கே ஆவியழுத்தம் 22.3. இடைவெளி 9.5 மில்லிமீட்டர். இப்போது பகல் ஒரு மணிக்கு வாருங்கள். வெப்பம் 40 பாகை. காற்றிலிருந்த நீராவியில் ஒரு துளியும் குறையவில்லை, அதே 22.3 என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் 40 பாகையில் பூரித அழுத்தம் 55.3. இலையும் அதே அளவு சூடேறியிருந்தால் இடைவெளி 33 மில்லிமீட்டர்! காற்று ஈரத்தை இழக்காமலே, வெறும் சூட்டினால் மட்டும், இலையிலிருந்து நீரை இழுக்கும் விசை ஏறக்குறைய மூன்றரை மடங்காகிவிட்டது. உண்மையில் மேல்காற்று வீசும் நாளில் நீராவியும் குறைகிறது. இழுப்பு இன்னும் கூடுகிறது.

என் மாணவரின் கொடித்துணிக்கு இந்த இழுப்பைத் தடுக்க வழியில்லை. ஆகவே அது காய்கிறது. இலைக்கோ வாய் உண்டு.

சில நாள் கழித்து அவர் மறுபடியும் வந்தார். இம்முறை கேள்வியோடு வரவில்லை, தாளோடு வந்தார். எங்கள் ஊரில் கோடைப் பகலில் மேல்காற்று வீசி அனலாய்க் கொதிக்கும். பிற்பகலில் திடீரென்று கடற்காற்று புகும். புகுந்த சிறிது நேரத்தில் உடம்பில் பிசுபிசுப்பு ஏறுவதிலிருந்தே காற்று ஈரமாகிவிட்டது என்று தெரிந்துவிடும். அவர் கடற்காற்று வந்து ஒரு மணி நேரத்துக்குப் பின் அதே மரத்தில் தாளை வைத்திருக்கிறார். அது காலையைப்போல் அவ்வளவு விரைவாக இல்லாவிட்டாலும், பகல் ஒரு மணியைவிட மிக விரைவாகச் சிவந்துவிட்டது. “வேருக்கு நான் புதிதாக ஒரு குடம் தண்ணீரும் விடவில்லை, ஐயா” என்றார்.

நான் வாயடைத்து நின்றேன். ஆனாலும் ஆசிரியன் அல்லவா? கடற்காற்று வந்தால் வெப்பமும் குறைகிறது, வெயிலின் சாய்வும் மாறுகிறது. மூன்று காரணங்கள் சேர்ந்து மாறும்போது எதனால் விளைந்தது என்று சொல்ல முடியாது என்றேன். இந்த மறுப்பு மட்டும் சரியானதே. வெப்பத்தையும் ஒளியையும் மாறாமல் நிறுத்திவைத்து, காற்றின் வறட்சியை மட்டும் மாற்றிப் பார்த்தால் அல்லவா தெரியும்? அப்படிப் பார்த்தவர்கள் இருந்தார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது.

சார்லஸ் டார்வினின் மகன் பிரான்சிஸ் டார்வினும் ஒரு தாவர அறிஞர். இலைத்துளைகள் வறண்ட காற்றில் ஒடுங்குவதை அவர் 1898-லேயே குறித்துவைத்தார். எனினும் அது காற்றின் நேரான விளைவா, இலை நீரிழந்ததன் விளைவா என்ற ஐயம் நீண்ட காலம் நீடித்தது. இரண்டாவது கருத்தே பாடப்புத்தகங்களில் இடம்பெற்றது. என் வகுப்பறைக்கும் அதுவே வந்தது.

1971-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் ஓட்டோ லாங்கேயும் அவருடைய துணைவர்களும் ஒரு நுட்பமான சோதனையை வெளியிட்டனர். ஒரு பெரணிச் செடியின் இலையிலிருந்து புறத்தோலை மட்டும் உரித்தெடுத்தார்கள். அதன் உட்புறம் ஈரமாக இருக்கும்படி அமைத்தார்கள். வெளிப்புறத்தில் மட்டும் ஒரு முறை உலர்காற்றையும் ஒரு முறை ஈரக்காற்றையும் மெல்லச் செலுத்தினார்கள். உலர்காற்று பட்டதும் துளை மூடியது. ஈரக்காற்று பட்டதும் திறந்தது. ஒரே துளையை இவ்வாறு பதினைந்து முறைக்கு மேல் திறந்து மூடச் செய்ய முடிந்தது. அடுத்தடுத்து இருந்த இரு துளைகளுக்கு வேறு வேறு காற்றுப் பட்டபோது ஒன்று மூட, மற்றொன்று திறந்தே இருந்தது. உரித்தெடுத்த தோலுக்கு வேரும் இல்லை, தண்டும் இல்லை, வாடுவதற்கு ஓர் இலையும் இல்லை. துளை தன் முன்னே உள்ள காற்றுக்கே விடை சொல்லியது.

ஆய்வுக்கூடத்தில் உரித்த தோல் செய்வதை உயிருள்ள மரம் செய்யுமா? இதை அறிய அதே குழுவினர் இஸ்ரேல் நாட்டின் நெகவ் பாலைவனத்திற்குச் சென்றனர். அங்கே அவ்தத் என்னும் இடத்தில், பண்டைய நபதேயர் மழைநீரை ஓடைகளில் திருப்பி வேளாண்மை செய்த நிலத்தை மைக்கேல் எவனாரி என்ற அறிஞர் மீண்டும் பண்ணையாக்கியிருந்தார். அப்பண்ணையில் ஆப்ரிகாட் பழமரங்களும் வளர்ந்தன. மரத்திலிருந்தபடியே இலைகளைக் கண்ணாடி அறைக்குள் விட்டு, உள்ளே காற்றின் வறட்சியைக் கூட்டினார்கள். துளைகள் ஒடுங்கின. காற்றின் இழுப்பு பெருகியிருந்தும் இலை இழந்த நீர் முன்னைவிடக் குறைந்தது. அதோடு நிற்கவில்லை, இலைத் திசுவிலிருந்த நீரின் அளவு சற்று உயர்ந்தே காணப்பட்டது.

1972-இல் வெளிவந்த இந்த முடிவைப் பல ஆண்டுகள் பிந்தி ஒரு நூலகத்தில் படித்தபோது எனக்குக் கிணற்றடி மாமரம் நினைவுக்கு வந்தது. இலை துவண்டதனால் துளை மூடியது என்றால், மூடிய நேரத்தில் இலையில் நீர் குறைந்திருக்க வேண்டும். இங்கோ நீர் கூடியிருக்கிறது. நான் சொன்ன விடை இந்த ஓர் அளவினாலேயே விழுந்துவிடுகிறது. இலை நீரை இழந்து தவித்த பிறகு கதவடைக்கவில்லை. தவிப்பு வருமுன்பே அடைத்திருக்கிறது.

அப்படியானால் துளைக்குக் காற்றின் ஈரம் எப்படித் தெரிகிறது? நம் கூந்தல் இழை ஈரத்தில் நீள்வதுபோல் அங்கேயும் ஏதேனும் ஈரமானி இருக்கிறதா? 1991-இல் அமெரிக்காவில் கீத் மாட், டேவிட் பார்க்ஹர்ஸ்ட் என்னும் இருவர் இதற்கு ஒரு தந்திரம் செய்தனர். சாதாரணக் காற்றிலுள்ள நைட்ரஜனை நீக்கி, அதனிடத்தில் ஹீலியத்தை வைத்தனர். ஹீலியம் கலந்த காற்றில் நீராவி இரண்டு மடங்குக்கு மேலான வேகத்தில் பரவும். காற்றின் ஈரப்பதம் மாறவில்லை. நீர் போகும் வேகம் மட்டும் கூடியது. துளைகள் ஒடுங்கின! ஆகவே காற்றின் ஈரத்தைத் துளை நேராக அளப்பதில்லை. தன்னிடமிருந்து நீர் எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதையே அது உணர்கிறது.

பூக்கும் மரங்களில் இதற்கு ஒரு விந்தையான முன்னுரையும் உண்டு. வறண்ட காற்று திடீரென்று பட்டால் துளை முதலில் சில நிமிடங்கள் முன்னைவிட அகலமாகத் திறக்கிறது. சுற்றிலுமுள்ள புறத்தோல் செல்கள் நீரிழந்து சற்றுத் தளர்வதால், அவற்றின் நெருக்கத்திலிருந்து விடுபட்டுக் காப்புச் செல்கள் வெளிப்புறமாகப் புடைக்கின்றன. அதன் பின்னரே மூடுதல் தொடங்குகிறது. மூடச் செய்யும் பொருள்களில் தலைமையானது அப்ஸிசிக் அமிலம் என்னும் ஹார்மோன். 1960-களில் கண்டறியப்பட்ட இது, காற்று வறண்ட சில பத்து நிமிடங்களுக்குள் இலையிலேயே பெருகுவதைப் பிற்கால ஆய்வுகள் காட்டியுள்ளன. அது காப்புச் செல்லிலிருந்து அயனிகளை வெளியேறச் செய்கிறது. நீரும் உடன் வெளியேறுகிறது. பெரணிகளிலோ இந்த ஹார்மோனின் பங்கு அற்பம். அவற்றின் துளைகள் பெரும்பாலும் நீரழுத்தம் குறைந்த மாத்திரத்தில் தாமாகவே மூடிக்கொள்கின்றன என்று டாஸ்மேனியாவில் ஆராய்ந்த அறிஞர்கள் எடுத்துக்காட்டினர். எந்தச் செல் முதலில் இழப்பை உணர்கிறது என்பதில் ஆராய்ச்சியாளரிடையே வாதம் இன்னும் முடிந்தபாடில்லை. மாணவர்களுக்கு இங்கே வேலை இருக்கிறது.

இவ்வளவு நுட்பமான ஏற்பாட்டுக்கு மரம் விலை கொடுத்தே ஆக வேண்டும். வாயை மூடினால் நீர் மிஞ்சும். கரியமில வாயு வராது. வெயில் முழுவதும் கிடைத்தும் இலை பட்டினி கிடக்கும். நீராவி வெளியேறும்போது இலை குளிர்வதும் நின்றுவிடும். இலை சூடேறும், சூடேறினால் நாம் கணக்கிட்ட இடைவெளி மேலும் விரியும். வறண்ட நாடுகளில் மரங்கள் காலையில் ஒரு வேளையும் மாலையில் ஒரு வேளையுமாக உணவு செய்து, நடுப்பகலில் ஓய்ந்து கிடப்பதற்குக் காரணம் இதுவே.

வேரில் நீர் இருந்தும் இந்தப் பட்டினி வரும் என்பதை உழவர் உலகம் தன் அனுபவத்தில் கண்டிருக்கிறது. ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் மழைக்கு முந்திய வெப்பமான மாதங்களில் தாராளமாக நீர் பாய்ச்சியும் கொழுந்து சரியாக வளரவில்லை. (தேயிலையும் இயல்பில் மரமே, கவாத்துச் செய்து நாம்தான் அதைச் செடியாக்கி வைத்திருக்கிறோம்.) ஆராய்ந்தபோது, காற்றின் ஆவி இடைவெளி சுமார் 17 மில்லிமீட்டரைத் தாண்டினால், மண் ஈரமாக இருப்பினும், கொழுந்தின் வளர்ச்சி குன்றிவிடுவது தெரிந்தது. அங்கே தேவைப்பட்டது வேருக்கு இன்னொரு மடை தண்ணீர் அன்று. இலையைச் சுற்றியுள்ள காற்றின் கொதிப்பு அடங்குவது. நீலகிரியில் தேயிலைக்கு நடுவே சில்வர் ஓக் மரங்களை நிழலுக்காக வளர்ப்பதன் பயன்களில் இதுவும் ஒன்று.

மண்ணும் வறண்டு காற்றும் வறண்டால் நிலைமை கொடிது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் 2002, 2003-ஆம் ஆண்டுகளில் வெப்பம் மிகுந்த ஒரு பெரும் வறட்சி வந்தது. அங்கே பின்யோன் என்னும் பைன் மரமும் ஜூனிப்பர் மரமும் அருகருகே வளர்கின்றன. பின்யோன் எச்சரிக்கை மிகுந்தது. விரைவில் துளைகளை மூடிக்கொண்டு நாள் கணக்கில், மாதக் கணக்கில் காத்திருக்கும். ஜூனிப்பர் துணிந்து நீரை இழந்தபடியே ஓரளவு திறந்து வைத்திருக்கும். எச்சரிக்கை உள்ளதே பிழைக்கும் என்று நாம் எதிர்பார்ப்போம். பின்யோன் மரங்கள் பெருந்தொகையாக மடிந்தன. ஜூனிப்பர் மரங்களில் பெரும்பாலானவை தப்பின. வாய் மூடிய மரம் உணவின்றி நலிந்து, பட்டைவண்டுகளைத் தடுக்கும் பிசினைச் சுரக்கவும் வலுவற்றுப்போனது என்று சில அறிஞர் விளக்கினர். அது முழு விளக்கமா என்பதில் மாறுபட்ட கருத்துகள் உண்டு. ஆயினும், பஞ்ச காலத்தில் மூடுவது மட்டுமே மரத்தைக் காப்பாற்றிவிடாது என்பதில் ஐயமில்லை.

இதை நான் இவ்வளவு விரிவாகச் சொல்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. காற்று ஒரு பாகை சூடேறினால் அது தாங்கக்கூடிய நீராவி நூற்றுக்கு ஆறு, ஏழு பங்கு உயர்கிறது. கடல்கள் அதே விகிதத்தில் நீராவியை நிலத்தின் மேல் அனுப்பினால் கேடு குறைவாக இருக்கும். நிலத்தின் மேல் அப்படி நடக்கவில்லை. 1990-களின் இறுதியிலிருந்து உலகின் பல பகுதிகளில் இந்த இடைவெளி விரைவாக வளர்ந்து வருவதையும், அதனோடு தாவர வளர்ச்சி தளர்வதையும் 2019-இல் வெளியான ஓர் ஆய்வு எடுத்துக்காட்டியது. மழை குறையாத ஊரிலும் மரங்கள் முன்னைவிட நெடுநேரம் வாய் மூடி நிற்க நேரிடலாம். மழைமானியை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு இது புலப்படாது.

உங்கள் கல்லூரியிலோ பள்ளியிலோ ஒரு மாமரம் இருந்தால் நீங்களே பார்க்கலாம். கோபால்ட் தாள் வேண்டாம் என்றால் நிறமற்ற நகப்பூச்சு போதும். இலையின் அடிப்புறத்தில் மெல்லப் பூசி, உலர்ந்ததும் ஒட்டுநாடாவால் உரித்தெடுத்து, நுண்நோக்கியில் வைத்தால் துளைகளின் பதிவு தெரியும். மாவின் மேற்புறத்தில் தேடிப் பயனில்லை. அதன் துளைகள் அடிப்புறத்தில்தான் உள்ளன. காலை ஒன்பது மணிக்கும் பகல் ஒரு மணிக்கும் பதிவு எடுங்கள். கடலோர ஊராயின் கடற்காற்று புகுந்து ஒரு மணி நேரம் சென்றபின் மூன்றாவது பதிவையும் எடுங்கள். ஒவ்வொரு முறையும் ஈரக் குமிழ், உலர் குமிழ் வெப்பமானிகளின் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். மரத்தடியில் முந்திய நாள் மாலையே நன்றாகத் தண்ணீர் விட்டிருக்க வேண்டும். ஒரே வயதுள்ள, ஒரே வெயில் படும் இலைகளையே ஒப்பிட வேண்டும். தளிரையும் முற்றிய இலையையும் கலந்துவிட்டால் விடை கிடைக்காது. பத்துத் துளைகளை மட்டும் எண்ணிவிட்டு நிறுத்தாதீர்கள். பக்கத்திலுள்ள இரண்டு துளைகளே வெவ்வேறு நிலையில் இருக்கலாம் என்பதை வூர்ட்ஸ்பர்க்கில் பார்த்தோம். நூறாவது எண்ணிப் பாருங்கள்.